கிரேக்கத் துன்பியல் நாயகன் மீது நாம் இரக்கப்பட வேண்டுமா?

துன்பியல் நாயகன் என்பவன் உயர்ந்த நிலையில் இருந்து, தன் தவறு ஒன்றால் வீழ்கிறவன். அவன் மகானும் இல்லை, கயவனும் இல்லை. தீயவன் வீழ்ந்தால் நமக்கு இரக்கம் வராது, தவறு செய்த நம்மைப் போன்ற ஒருவன், தகுதிக்கு மீறிய துன்பத்தை அனுபவித்தால்தான் வரும் என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் விளக்கினார்.

கிரேக்க நாடக ஆசிரியர் சோஃபோக்ளிஸின் நாடக நாயகன் ஈடிபஸையே பாருங்கள். தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்று டெல்ஃபி கோயிலில் அவனுக்குக் குறி சொல்கிறார்கள். அது நடக்கக் கூடாது என்றுதான் பெற்றோர் என்று அவன் நம்பியவர்கள் இருக்கும், தான் வளர்ந்த கொரிந்து நகரை விட்டே ஓடுகிறான். போகிற வழியில், மூன்று பாதைகள் கூடும் இடத்தில், தன்னைத் தாக்கிய முதியவரை ஆத்திரத்தில் கொன்றுவிடுகிறான். அவர்தான் பெற்ற தந்தை லேயஸ். அந்த ஆத்திரம் அவன் குற்றமே, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது யார் என்று அவனுக்குத் தெரியாதே! அப்புறம், லேயஸ் ஆண்ட தீப்ஸ் நகருக்கே அரசனாகி, தன் தாய் என்று தெரியாமல் அவர் மனைவியை மணக்கிறான். லேயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் நகரில் பரவிய கொள்ளைநோய் நீங்கும் என்று குறி வருகிறது. நகரைக் காப்பாற்றத்தான் அந்தக் கொலையாளியைத் தேடுகிறான். அந்த நல்ல குணமே அவனைச் சிக்கவைக்கிறது. என்னை மிகவும் உலுக்குவது இதுதான்.

காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு, பதற்றத்தில் பாட்டில் மாற்றி மருந்து கொடுத்துவிட்ட தாயை நினைத்துப் பாருங்கள். கை அவளுடையதுதான், ஆனாலும் நம் மனம் அவளுக்காகத் துடிக்கும். எனவே ஈடிபஸ் நம் இரக்கத்துக்கு முழுத் தகுதி உள்ளவன் என்பேன்.

இரக்கப்பட்டால் குற்றத்தை மன்னித்ததாகிவிடும் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். ஈடிபஸே தன்னை மன்னிக்கவில்லை, தன் கண்களைக் குத்திக்கொண்டு, நாடுகடத்தும்படி தாயின் சகோதரன் கிரியோனிடம் கேட்கிறான்.