கடைசிப் பொத்தானிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, ஆட்டிசம் உள்ளவன். நன்றாக வாசிப்பான், கணக்கும் போடுவான். ஆனால் சட்டையை இன்றும் நான்தான் போட்டுவிடுகிறேன். அவன் படிக்கும் சிறப்புப் பள்ளியில் தினமும் கை கழுவவும் சட்டை போடவும் பழக்குகிறார்கள். படிக்கிற நேரம் வீணாகிறதோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பதில்: வீணாகவில்லை அம்மா. இருபது வருடமாகச் சிறப்புக் கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் சட்டை போடுவதும் பாடம்தான்.

வீட்டிலும் செய்யுங்கள். ஆனால் கடைசியிலிருந்து தொடங்குங்கள். மேலிருந்து எல்லாப் பொத்தானையும் நீங்களே போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானைத் துளையில் பாதி நுழைத்து நிறுத்துங்கள். மீதியை அவன் இழுக்கட்டும். 'நானே முடித்தேன்' என்ற சந்தோஷம் முதல் நாளே கிடைத்துவிடும். அது கைவந்ததும் அந்தப் பொத்தான் முழுக்க அவனுடையது. அப்புறம் கடைசி இரண்டு. அவனுக்கு எதிரே நிற்காமல் பின்னால் நின்று கைபிடித்துக் காட்டுங்கள். எதிரே நின்றால் அவனுக்கு இடமும் வலமும் குழம்பும்.

"போடு, போடு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டாம். அதற்குப் பழகிய பிள்ளை, அடுத்த "போடு" வரும்வரை சும்மா நிற்கும். படிகளை வரிசையாகப் படமாக ஒட்டி வையுங்கள். உங்கள் மகனுக்கு எழுதியே ஒட்டலாம். அவன் வாசிப்பு இங்கேதான் கைகொடுக்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1972-ல் உளவியலாளர் எரிக் ஷாப்லர், ஆட்டிசம் உள்ளவர்களுக்காக மாநிலம் முழுவதற்குமாகத் தொடங்கிய 'டீச்' (TEACCH) திட்டத்தின் அடிப்படையும் இதுதான்: என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், அடுத்தது என்ன என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

என் மாணவன் ஒருவன் பள்ளியில் அழகாகக் கை கழுவுவான். வெளியே அழைத்துப் போனபோது, அழுத்தினால் தண்ணீர் வரும் குழாய் முன்னால் சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டான். அவன் கற்றிருந்தது திருகும் குழாயை மட்டும். எனக்குச் சுருக்கென்றது, தவறு என்னுடையது. ஓர் இடத்தில் கற்றது இன்னோர் இடத்துக்குத் தானாக வந்துவிடாது. அதனால் பள்ளியில் எந்தப் படிகளில், எந்தச் சொற்களில் பழக்குகிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டிலும் அதே வரிசை இருக்கட்டும். சட்டையை மட்டும் அவ்வப்போது மாற்றுங்கள்: சின்னப் பொத்தான், பெரிய பொத்தான், முழுக்கை.

வாசிப்பையும் கணக்கையும் பள்ளியில் அடியோடு நிறுத்தியிருந்தால், அதை மட்டும் விடாமல் கேளுங்கள். இரண்டும் அவனுக்கு வேண்டும்.

இன்னொன்று, சட்டைக் கழுத்தின் உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளைத் தொட்டுப் பாருங்கள். அது உறுத்துவதாலேயே சட்டையைக் கண்டு ஓடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கே பிரித்து எடுத்துவிடுங்கள்.