நல்ல காலும் தளர்ந்துவிட்டது, கடையை மூடவா?

கேள்வி: எனக்கு வயது 54. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. தொடையில் கையை ஊன்றித்தான் நடப்பேன். முப்பது வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன், யாரிடமும் கையேந்தியதில்லை. இரண்டு வருடமாக வலது காலும் தளர்ந்து, மதியத்துக்கு மேல் மிஷினை மிதிக்க முடியவில்லை. இரண்டு முறை விழுந்தும்விட்டேன். போலியோ திரும்பி வந்துவிட்டதா? மகன் கடையை மூடிவிட்டு சக்கர நாற்காலியில் உட்காரச் சொல்கிறான்.
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அந்தக் கிருமி திரும்பி வராது அம்மா, பயம் வேண்டாம். வீட்டில் யாருக்கும் ஒட்டவும் செய்யாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ‘போஸ்ட் போலியோ சிண்ட்ரோம்’ ஆக இருக்கலாம். போலியோ வந்து பெரும்பாலும் 15 முதல் 40 வருடம் கழித்துத் தலைகாட்டும். உங்களைப் போல ஐம்பது வருடம் கழித்து வருகிறவர்களும் உண்டு.

தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பு செல்களைத்தான் போலியோ அழிக்கிறது. தப்பிய செல்கள், துணையில்லாமல் போன தசை இழைகளையும் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். இறந்துபோன தம்பிகளின் குடும்பத்தையும் சேர்த்துச் சுமக்கிற அண்ணனைப் போல. இத்தனை வருடம் இழுத்த அண்ணன் இப்போது அசந்துவிட்டார். நீங்கள் ‘நல்ல கால்’ என்று நம்பிய வலது காலிலும் அன்றைக்கே கொஞ்சம் சேதம் இருந்திருக்கலாம். அதோடு உடல் எடை முழுவதையும் தாங்கி, மிஷினையும் மிதித்தது அதுதானே.

ஆனால் நேரில் பார்க்காமல் இதை முடிவு செய்ய முடியாது. தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு, முதுகெலும்பில் நரம்பு நசுங்குவது எல்லாமே இதே மாதிரி தளர்ச்சி தரும். முக்கியமாக, போலியோ உணர்ச்சி நரம்புகளைத் தொடுவதில்லை. காலில் மரத்துப்போதல் இருந்தால் காரணம் வேறு. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் கடைசியாக ஒரு குழந்தையைப் பாதித்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். அதனால் இன்றைய இளம் மருத்துவர்கள் பலர் இந்த நோயைப் பார்த்ததே இல்லை. ‘வயசாகுதில்ல’ என்று சத்து மாத்திரை எழுதினால், உங்கள் போலியோ கதையை முதலிலிருந்து நீங்களே சொல்லுங்கள். மறுவாழ்வு மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனை என்றால் இன்னும் நல்லது.

சரி, கடை விஷயம். மூட வேண்டாம், மிதிப்பதை நிறுத்துங்கள். மிஷினுக்கு ஒரு மோட்டார் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். தையல் தெரிந்த மாற்றுத்திறனாளிகளுக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் கொடுக்கும் அரசுத் திட்டமே இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். துணி வெட்டுவதை நின்றுகொண்டு செய்யாமல், உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து செய்யுங்கள். வெட்டும் வேலையைக் காலையில் வைத்துக்கொண்டு, ஹெம்மிங், பட்டன் போன்றவற்றை மதியத்துக்குத் தள்ளுங்கள். நடுவில் இருபது நிமிடம் படுத்து எழுவதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். ‘வலித்தாலும் விடாமல் நட, பலம் வரும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் தசைக்கு அது பொருந்தாது. மிதமான பயிற்சி நல்லதுதான். மறுநாள் காலையிலும் அசதி போகவில்லை என்றால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

கைத்தடி வைத்துக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் அதன் பிடி மணிக்கட்டு வரை வரவேண்டும். அடியில் உள்ள ரப்பர் புஷ் வழவழப்பாகத் தேய்ந்துவிட்டால் ஈரத் தரையில் தடியே உங்களைத் தள்ளிவிடும். சின்னச் செலவுதான், உடனே மாற்றுங்கள். காலைத் தாங்கிப் பிடிக்க மாட்டிக்கொள்ளும் காலிப்பர்கள் இப்போது எடை குறைந்த பிளாஸ்டிக்கில் வந்துவிட்டன. சிறுவயதில் இரும்புக் காலிப்பர் போட்டு வெறுத்துப்போனவர்கள்கூட இதைப் போட்டுப் பார்த்துவிட்டு மனம் மாறியிருக்கிறார்கள். குளியலறைச் சுவரில் கைப்பிடி அவசியம். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்தால், அது ஒரு நாள் கையோடு வந்துவிடும்.

சக்கர நாற்காலி என்றதும் உங்கள் எழுத்தில் கோபம் தெரிகிறது. வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் இருந்தார். 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரு கால்களும் செயலிழந்தன. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். உங்களுக்கு நாள் முழுக்க அது தேவைப்படாது. திருவிழா, பெரிய ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் என நீண்ட தூரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால், மிச்சமாகும் பலம் கடைக்கு உதவும். மகன் வாங்கித் தரட்டும்; எப்போது உட்காருவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

விழுங்கும்போது புரையேறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, சில நாட்களிலேயே தளர்ச்சி வேகமாகக் கூடினாலோ தாமதிக்கக் கூடாது. ஏதாவது அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் போலியோ வந்ததை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் மருந்தின் அளவைப் பார்த்துக் கொடுப்பார். சூம்பிய காலில் எலும்பும் மெலிந்திருக்கும் என்பதால் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் தேவை.

அப்புறம், அந்த இரண்டு முறையும் எங்கே, எந்த நேரத்தில், எந்தக் கால் மடங்கி விழுந்தீர்கள் என்று எழுதவில்லை. மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார், யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.