பட்டறைப் பதில்கள்: எந்த சிலிக்கான், எந்த ரெசின்?

கேள்வி: 1:87 அளவில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டிகள் செய்கிறேன். போகியின் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் பகுதி) பக்கச் சட்டத்தை ரெசின் பிரிண்டரில் அடித்து வைத்திருக்கிறேன். 10 பெட்டிக்கு 40 சட்டம் வேண்டும். அச்சு எடுக்க டின் சிலிக்கான், பிளாட்டினம் சிலிக்கான் என்று கடையில் இரண்டு சொல்கிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம். எதை வாங்க? உள்ளே ஊற்ற எந்த ரெசின்? (ரயில் மாடல் பிரியர், அரக்கோணம்)

பதில்: டின் வாங்குங்கள். விலை குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் மாஸ்டர், அதாவது அச்சு எடுக்க வைத்திருக்கும் மூலப் பாகம், பிரிண்டரில் அடித்தது, அதுதான் காரணம். பிரிண்டர் ரெசினில் மிச்சமிருக்கும் ரசாயனம் பிளாட்டினம் சிலிக்கானை இறுக விடாது. வெளியே நன்றாக செட் ஆகியிருக்கும். மாஸ்டரைத் தொட்ட இடம் மட்டும் பிசுபிசுவென்று நிற்கும். நுணுக்கமெல்லாம் அந்த இடத்தில்தானே இருக்கிறது! கந்தகம் கலந்த களிமண், ரப்பர் பால் கையுறை இவையும் பிளாட்டினத்துக்கு ஆகாது. டின் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

டின் சிலிக்கானின் குறை, அது மெல்லச் சுருங்கும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஐ.சி.எஃப். போகியில் ஒரு சக்கர அச்சிலிருந்து அடுத்ததுக்கு 2896 மி.மீ. உங்கள் அளவில் 33.3 மி.மீ. அரை சதவீதம் சுருங்கினாலும் 0.17 மி.மீ. தான். வெளியே ஒட்டும் அலங்காரச் சட்டத்துக்கு இது பொருட்டே இல்லை. சக்கரத்தையே அந்தச் சட்டம்தான் தாங்க வேண்டும் என்றால் கதை வேறு. அப்போது மாஸ்டரை நன்றாகக் கழுவி, வெயிலில் முழுக்க இறுக வைத்து, மேலே அக்ரிலிக் வார்னிஷ் அடித்துவிட்டு பிளாட்டினத்துக்குப் போகலாம். அப்போதும் உதவாத ஒரு பிரிண்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகே நல்ல மாஸ்டரைத் தொடுங்கள்.

அடுத்தது மென்மை. டப்பாவில் ஷோர் ஏ என்று ஒரு எண் இருக்கும்; எண் குறையக் குறைய இறுகிய சிலிக்கான் மென்மை. உங்கள் சட்டத்தில் சுருள் வில்கள் இருக்கின்றன; வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே சிலிக்கான் நுழைந்து பிடித்துக்கொள்ளும். 30-க்கு மேல் போனால் வார்ப்பை இழுக்கும்போது வில் முறியும், அல்லது அச்சு கிழியும். 15 முதல் 20 வரை உள்ளதைக் கேளுங்கள்.

சிலிக்கான் ஊற்ற, ஒரு சட்டத்துக்கு 6×3×1.5 செ.மீ. அச்சுப் பெட்டி போதும். 27 மி.லி., எடையில் ஏறக்குறைய 32 கிராம். உங்கள் சிலிக்கானுக்கு 3 சதவீதம் ஹார்ட்னர் (கலந்தால் இறுக வைக்கும் திரவம்) என்று தாளில் போட்டிருந்தால், சுமார் 1 கிராம். இந்த 1 கிராமை சமையலறைத் தராசு சரியாகக் காட்டாது. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். சொட்டு எண்ணி ஊற்றுவதை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அரை கிராம் கூடினாலே ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது, கலக்கி முடிப்பதற்குள் கெட்டியாகிவிடும்.

பிரிண்டர்தான் இருக்கிறதே, நான்கு சட்டம் அடித்து, அதற்கேற்ற பெரிய அச்சுப் பெட்டி ஒன்றில் வையுங்கள். அந்த அச்சில் ஒரு தடவை ரெசின் ஊற்றினால் ஒரு ரயில் பெட்டிக்கு ஆயிற்று. பின்பக்கம் தட்டை என்பதால் இரண்டு பாதி அச்சும் வேண்டாம். திறந்த அச்சில் ரெசினை லேசாகப் பொங்க ஊற்றி, மேலே ஓ.எச்.பி. ஷீட்டை (வழவழப்பான பிளாஸ்டிக் தாள்) ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகப் படுக்க வையுங்கள். முதுகு கண்ணாடி மாதிரி வரும்.

ரெசினுக்கு, மெல்லிசாக ஓடும் எபாக்சி. பாலியூரித்தேன் 10, 20 நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அதன் ஹார்ட்னர் ஈரத்தைக் கண்டால் கார்பன் டை ஆக்சைடு விடும். வார்ப்பு நுரைத்து ரொட்டி மாதிரி ஆகிவிடும். மழைக்காலத்தில் திறந்த டப்பா அடுத்த முறை சந்தேகம்தான். கலந்த பிறகு கையில் இருப்பதும் இரண்டு மூன்று நிமிடம். 40 சட்டத்துக்கு அவசரம் என்ன? எபாக்சியை இன்று ஊற்றி நாளை எடுங்கள். மெல்லிய பாகத்தில் சூடு தங்காததால் பெரிய வார்ப்பை விட இது தாமதமாகவே இறுகும். நகம் பதியும் நிலையில் எடுத்தால் வளைந்துவிடும். பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம். சுருக்கமும் அதிகம், வீட்டுக்குள் அந்த நெடியும் ஆகாது, சிலிக்கானையும் சீக்கிரம் தின்றுவிடும்.

படிக்கட்டுக் கைப்பிடி மாதிரிக் கம்பிகளை வார்க்காதீர்கள். 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியை வளைத்து ஒட்டினால் காலத்துக்கும் நிற்கும்.

கேள்வி: சின்னச் சின்னப் பாகங்களில் மூலைக்கு மூலை குமிழி. வேக்குவம் பம்பு வாங்கித்தான் ஆகவேண்டுமா? (வாசகி, கோவை)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் குமிழி எதில் என்று பாருங்கள். எல்லா வார்ப்பிலும் ஒரே இடத்தில் சின்ன உருண்டை துருத்திக்கொண்டிருந்தால், அது அச்சு எடுக்கும்போது மாஸ்டரில் ஒட்டிய காற்று. கலந்த சிலிக்கானை முதலில் தூரிகையால் மாஸ்டர் மேல் தடவி, அப்புறம் ஓர் அடி உயரத்திலிருந்து நூல் மாதிரி மெல்லிசாக, பெட்டியின் ஒரே மூலையில் ஊற்றுங்கள். விழும்போதே குமிழி இழுபட்டு உடையும். சிலிக்கான் தானாக ஏறி மாஸ்டரை மூடட்டும்.

குழி ஒவ்வொரு வார்ப்பிலும் வெவ்வேறு இடத்தில் என்றால் குற்றம் ரெசின் ஊற்றுவதில். அச்சுக்குள் முகப்பவுடர் தூவி, கவிழ்த்துத் தட்டிவிடுங்கள். ஒட்டியிருக்கும் தூசியளவே போதும், ரெசின் மூலைக்குள் இழுத்துக்கொண்டு ஓடும். பிறகு பல்குச்சியால் ஒவ்வொரு மூலையையும் தொட்டுவிடுங்கள்.

கையுறை நைட்ரைலாக இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை தோலில் வந்துவிட்டால் பெரும்பாலும் விடாது. குழந்தைகள் இருக்கும் அறையில் பாலியூரித்தேன் கலக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: ஹார்டுவேர் கடையில் குழாயில் வரும் குளியலறை சிலிக்கானில் அச்சு எடுக்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: நுணுக்கமான பாகத்துக்கு முடியாது. அது காற்றின் ஈரத்தால் மேலிருந்து இறுகுவது. கனமாகப் போட்டால் உள்ளே நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். பசை மாதிரி இருப்பதால் நுண்ணிய கோட்டுக்குள் தானாக ஓடி நிரம்பவும் செய்யாது.