தொங்கும் வயிற்றுத் தோல்: எந்தச் சத்திரசிகிச்சை எனக்குப் பொருந்தும்?

உப்புவெளியிலிருந்து 46 வயதுத் தாயார் ஒருவர் கேட்டிருக்கிறார். நீரிழிவு இருப்பது தெரிந்த பிறகு உணவுக் கட்டுப்பாட்டாலும் நடையாலும் இரண்டரை வருடங்களில் 34 கிலோ குறைத்துவிட்டார். இப்போது வயிற்றுத் தோல் மடிந்து தொடையில் விழுகிறது. கச்சான் வீசும் மாதங்களில் மடிப்புக்குள் வியர்வை தேங்கிப் படை போட்டுப் புண்ணாகிறது. ஒரு நிபுணர் தொங்கும் தோலை மட்டும் எடுக்கலாம் என்கிறார். மற்றவர் தசையையும் இறுக்கும் முழுச் சிகிச்சையே நல்லது என்கிறார். இரண்டு சிசேரியன் நடந்திருக்கிறது. கடிதத்தின் முடிவில், "பித்தப்பையை எடுத்த பழைய தழும்பு ஒன்றும் வலப்பக்க விலாவுக்குக் கீழே இருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

அம்மா, நீங்கள் கடைசியாக எழுதிய அந்த ஒரு வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது ஏன் என்று புரிய, இந்த இரண்டு சிகிச்சைகளும் எங்கே வேறுபடுகின்றன என்று தெரிய வேண்டும்.

தொங்கும் தோலை மட்டும் எடுக்கும் சிகிச்சையைப் பனிகுலெக்டமி என்போம். அடிவயிற்றில் மடிந்து கிடக்கும் தோலையும் அதனுள்ளிருக்கும் கொழுப்பையும் ஆப்புபோல வெட்டி எடுத்துவிட்டு, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சேர்த்துத் தைக்கிறோம். மேல்வயிற்றுத் தோலைத் தசையிலிருந்து பெயர்ப்பதில்லை. ஆகவே படையும் புண்ணும் நீங்கும், நடப்பதும் குளிப்பதும் உடுப்பதும் இலகுவாகும். ஆனால் மேல்வயிற்றின் தளர்வும், விரிந்த தசையும் அப்படியே இருக்கும். முழுச் சிகிச்சையான அப்டோமினோபிளாஸ்டியில், ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை கீறி, தோலை விலா எலும்பு வரை தசையிலிருந்து பிரித்து உயர்த்தி, நடுவில் விலகிப்போன நெடுந்தசைகளை ஒன்றாக இழுத்துத் தைத்து, தோலைக் கீழே இழுத்து மிகுதியை வெட்டி, தொப்புளுக்குப் புதிய வாசல் அமைக்கிறோம். வயிறு தட்டையாகும் என்பது உண்மை. அதற்காக உடம்பு கொடுக்கும் விலையும் கூடுதல்.

தோலை அப்படிப் பிரித்து உயர்த்தும்போது, தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வரும் நடுப்பகுதி இரத்தக் குழாய்கள் அறுபடுகின்றன. அதன் பிறகு அந்தத் தோல் பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்து, விலா எலும்புகளுக்கிடையே வரும் குழாய்களை நம்பியே உயிரோடிருக்கிறது. திறந்த முறையில் பித்தப்பை எடுத்தபோது போட்ட சரிவான கீறல், வலப்பக்கத்தில் அந்த வழியையும் ஏற்கெனவே வெட்டிவிட்டது. எனவே தழும்புக்குக் கீழே உள்ள தோலுக்கு இரத்தம் போதாமல் கறுத்து அழுகிப்போகும் ஆபத்து உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். நீரிழிவு அதை இன்னும் கூட்டும். சிசேரியன் தழும்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வெட்டி எடுக்கும் தோலோடு அது பெரும்பாலும் போய்விடும். பித்தப்பைத் தழும்பை இரண்டு நிபுணர்களிடமும் காட்டினீர்களா? பரிசோதனைக் கட்டிலில் சேலையை அடிவயிறு அளவுக்கே விலக்கியிருந்தால் அது அவர்கள் கண்ணில் படாமலே போயிருக்கலாம்.

அடுத்தது தசை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் மெல்ல உயர்த்தி, தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்துப் பாருங்கள். நடுவில் இரண்டு விரல்களுக்கு மேல் பள்ளமாக இறங்கினால் தசைகள் விலகியிருக்கின்றன. அது குடலிறக்கம் அல்ல. குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதில் இல்லை. ஆனால் இருமும்போது ஓரிடத்தில் மட்டும் கட்டியாகப் பிதுங்கினால் அல்லது வலித்தால் குடலிறக்கம் இருக்கக்கூடும், ஸ்கேன் எடுத்துத் தெளிவுபடுத்த வேண்டும். குடலிறக்கம் இருந்தால் என்ன செய்வது என்ற முடிவே மாறலாம்.

இவற்றைத் தவிர வேறு வழிகளும் உங்களுக்குச் சொல்லப்படலாம். கொழுப்பை உறிஞ்சும் லிப்போசக்சன் தோலை எடுக்காது. தளர்ந்த தோலில் அதை மட்டும் செய்தால் தொய்வு கூடவே செய்யும். தொப்புளுக்குக் கீழே மட்டும் சிறிது தளர்ந்தவர்களுக்கான மினி முறை உங்கள் அளவுக்குப் போதாது. நெடுக்காகவும் வெட்டும் முறையில் இரண்டு கீறல்களும் சந்திக்கும் மூலையில் புண் எளிதில் பிரியும். நீரிழிவுக்காரருக்கு நான் அதை விரும்புவதில்லை.

நீங்கள் எழுதியவற்றை மட்டும் வைத்துச் சொல்வதானால், என் தெரிவு பனிகுலெக்டமிதான். உங்களை உண்மையில் வருத்துவது மடிப்பும் புண்ணும். அவற்றை அது தீர்க்கும். வயிறு முழுத் தட்டையாகாது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால் ஏமாற்றம் இராது. தழும்பை நேரில் பார்த்த நிபுணர், தோலைக் குறைவாகப் பிரித்துத் தசையையும் இறுக்க முடியும் என்று காரணத்தோடு விளக்கினால் அதையும் கேளுங்கள். நேரில் பார்த்தவர் கணிப்பு என் கணிப்பைவிடப் பெரிது.

எதுவானாலும் அவசரப்பட வேண்டாம். எடை குறைந்தபட்சம் ஆறு மாதங்களாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 7 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. 8-ஐத் தாண்டினால் நான் தள்ளிப்போடுவேன். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதிலுள்ள நிக்கொட்டினும் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நான்கு வாரங்களாவது முற்றாக நிறுத்த வேண்டும். மடிப்பிலுள்ள படையைப் பூஞ்சை மருந்தால் முதலில் ஆற்றுங்கள். குளித்த பின் பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்தி, மடிப்புக்குள் மெல்லிய துணி வையுங்கள். ஒவ்வொரு முறை புண்ணானதும் கிளினிக் கொப்பியில் பதிவாகட்டும். திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்கிலிருந்து கொழும்பு அல்லது கண்டி தேசிய வைத்தியசாலையின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் பெறும்போது, இது அழகுக்காக மட்டும் கேட்பதல்ல என்பதை அந்தப் பதிவுகளே காட்டும்.

சிகிச்சைக்குப் பின் நீர் வடியும் குழாய் சில நாட்கள் இருக்கலாம். அதை எடுத்து, புண்ணையும் ஒருமுறை பார்க்கும் வரை அங்கேயே உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வருவது காலில் இரத்தம் உறைவதற்கு இடம் கொடுக்கும். வரும்போது இடையிடையே இறங்கி நடங்கள். ஆறு வாரங்களுக்குத் தண்ணீர் வாளியோ அரிசி மூட்டையோ தூக்கக் கூடாது. வீடு வந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ கிளினிக் நாள் வரை காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தையலுக்கு மேல் தோல் கறுத்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்டுங்கள்.