வீடு தள்ளிப்போனால் யாருடைய நாள் நீளும்?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

நாங்கள் நகரத்தின் நடுவில், இரண்டு படுக்கையறை உள்ள அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், 13 வயது மகள், 8 வயது மகன், என் மாமியார். நான் ஒரு மருத்துவமனை லேபில் வேலை செய்கிறேன். தினமும் நேரில் போயே ஆக வேண்டும். கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை.

வீட்டில் இடம் போதவில்லை. மகளுக்குப் படிக்கத் தனியாக ஒரு மூலை கிடையாது. ஒருவர் ஃபோன் பேசினால் எல்லோர் காதிலும் விழும். நானும் கணவரும் அடிக்கடி சண்டை போடுகிறோம், அதுவும் எல்லோர் காதிலும் விழுகிறது. இப்போது அவர் புறநகரில் தோட்டத்தோடு ஒரு தனி வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறார். கடன் போட்டு வாங்கலாம் என்கிறார். வேலைக்குப் போக எனக்கு இப்போது அரை மணி நேரம் ஆகிறது. அங்கிருந்து ஒரு மணி இருபது நிமிடம் ஆகும். "பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள், வீட்டில் சண்டை பாதியாகக் குறையும்" என்கிறார். மாமியாருக்கு இந்தக் கட்டடத்திலேயே பேச்சுத்துணைக்கு ஆட்கள் உண்டு. அவர் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை.

புறநகருக்குப் போனால் குடும்ப வாழ்க்கை நிஜமாகவே மேம்படுமா?

பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்த ஒரு மணி இருபது நிமிடம்தான். ஒரே வீட்டில் இருக்கும் ஐந்து பேருக்கும் இந்த விஷயத்தில் ஒரே பதில் கிடையாது. இடம் எல்லோருக்கும் கூடும். அந்த இடத்துக்கான விலையைத் தன் நேரத்திலிருந்து கொடுக்கப்போவது யார் என்று பார்த்தால், முதலில் நீங்கள், அடுத்து உங்கள் மகள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். போக 50 நிமிடம், வர 50 நிமிடம் கூடுகிறது. ஒரு நாளைக்கு 100 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள் என்றால் எட்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும், அதாவது ஒரு முழு வேலை நாள். ஆண்டுக்கு 46 வாரம் வேலை என்று வைத்துக்கொண்டால் 380 மணி நேரத்துக்கும் மேல். இரவு பகல் சேர்த்துக் கிட்டத்தட்ட 16 முழு நாட்கள். உங்கள் கணவருக்கு இதே பயணம் வாரத்தில் இரண்டே நாள். அவர் போட்ட கணக்கு அவருடைய வாரத்தை வைத்துப் பார்த்தால் சரிதான். அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வாரம் அதில் இல்லை.

பயணம் பழகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளில் எந்த நேரத்தில் என்ன செய்தார்கள், அப்போது மனநிலை எப்படி இருந்தது என்று கேட்டார்கள். பட்டியலின் அடியில் இருந்தது காலையில் வேலைக்குப் போகும் பயணம். ஜெர்மனியில் பல ஆண்டுகளாகத் திரட்டிய குடும்பத் தரவுகளை வைத்து புரூனோ ஃப்ரை, அலோய்ஸ் ஸ்டுட்சர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2008இல் எழுதிய கட்டுரை இன்னும் நேரடியானது. நீண்ட தூரம் போய் வருகிறவர்களுக்கு நல்ல வீடு, நல்ல சம்பளம் என்று ஏதோ ஒரு வகையில் அது ஈடாகிவிடும் என்பது பொருளியல் பாடம். தரவில் அப்படி இல்லை. தூரம் கூடக் கூட அவர்கள் சொன்ன வாழ்க்கைத் திருப்தி குறைந்துகொண்டே போனது.

சண்டை குறையும் என்று உங்கள் கணவர் சொல்வதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்வீடனில் எரிகா சாண்டோ என்ற ஆய்வாளர் பத்தாண்டுத் தரவுகளை ஆராய்ந்தார். கணவன் மனைவியில் ஒருவர் ஒரு வழிக்கு 45 நிமிடத்துக்கு மேல் பயணம் செய்கிற குடும்பங்களில், பிரிந்து போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். முதல் சில ஆண்டுகளில்தான் அந்த ஆபத்து கூடுதல். அங்கே நெடுந்தூரம் போய் வருகிறவர்களில் ஆண்களே அதிகம். வீடும் பிள்ளைகளும் பெரும்பாலும் மனைவியின் தலையில் விழுந்தன. உங்கள் விஷயத்தில் பயணம் செய்யப்போவதே நீங்கள். வீட்டு வேலையும் உங்களிடமே தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. சராசரி என்பது உங்கள் வீட்டின் தலைவிதி இல்லை. ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

சரி, கணவர் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. நெருக்கடியான வீடு மனிதர்களைச் சிடுசிடுப்பாக்கும். தனியாக அழ ஒரு கதவு இல்லாத வீட்டில் 13 வயதைக் கடப்பது கஷ்டம். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். உலக சுகாதார அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சாலைப் போக்குவரத்தின் இரவுநேரச் சத்தம் சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. நகர நடுவே பெரிய சாலையை ஒட்டிய வீடுகளில் அதெல்லாம் நடக்கிற காரியமா?

உங்கள் மகனுக்குத் தோட்டம் நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சீனாவின் குவாங்சோ நகரில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அவர்களில் 30.4 சதவீதம், மற்றப் பிள்ளைகளில் 39.5 சதவீதம். 2015இல் வந்த முடிவு இது. வெளியே இருப்பதற்கே இவ்வளவு பலன் உண்டு. ஆனால் அதற்குப் புறநகர் தேவையில்லை, நகரத்தில் நடந்து போகிற தூரத்தில் ஒரு பூங்கா இருந்தாலும் போதும் என்பதையும் அதே ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மகள் விஷயத்தில்தான் நான் நிறைய யோசித்தேன். சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் 1958இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் புதிதாகக் கட்டப்பட்ட லெவிட்டவுன் என்ற புறநகரில் தானே ஒரு வீடு வாங்கி, இரண்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்து ஆராய்ந்தார். புறநகர் மனிதர்களைக் கெடுக்கிறது என்று அப்போது அறிவுலகம் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தது வேறு. பெரும்பாலான பெரியவர்கள் அங்கே சந்தோஷமாகவே இருந்தார்கள். சொந்த வீடு, கூடுதல் இடம் என்று எதை எதிர்பார்த்து வந்தார்களோ அது கிடைத்தது. மற்றபடி அவர்கள் வாழ்க்கை பெரிதாக மாறிவிடவில்லை. தவித்துப் போனவர்கள் வளரிளம் பருவத்துப் பிள்ளைகள்தான். சின்னப் பிள்ளைகளை மனதில் வைத்துக் கட்டிய ஊர் அது. பெரிய பிள்ளைகள் கூடிப்பேச இடமில்லை, எங்கே போவதென்றாலும் கார் வேண்டும், காரோட்ட வயது போதாது.

13 வயதில் ஒரு பெண்ணுக்குத் தனியறை எவ்வளவு முக்கியமோ, யாரையும் கேட்காமல் நடந்து போய்த் தோழியைப் பார்த்துவிட்டு வர முடிவதும் அவ்வளவு முக்கியம். இந்தச் சுதந்திரம் பிள்ளைகளிடமிருந்து எவ்வளவு வேகமாகப் பறிபோனது என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் ஆதாரம் இருக்கிறது. 1971இல் அங்கே ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 சதவீதம். மேயர் ஹில்மனும் அவர் குழுவினரும் கண்டறிந்தது இது. முக்கியக் காரணம் போக்குவரத்துப் பயம். எங்கே போவதென்றாலும் அம்மா அப்பா காரில் கொண்டுபோய் விட வேண்டிய இடத்துக்குக் குடிபோனால், மகளின் சுதந்திரம் குறைவதோடு உங்கள் பயணமும் கூடும். வேலைக்குப் போய்வரும் 100 நிமிடத்தில் இது சேர்த்தியில்லை.

உங்கள் மாமியார் ஏன் எதுவும் சொல்லவில்லை? தன் விருப்பத்தைச் சொன்னால் மகனுக்குக் குறுக்கே நிற்பதாகிவிடும் என்று நினைக்கிறாரோ என்னவோ. லண்டனின் கிழக்கே பெத்னல் கிரீன் என்ற நெரிசலான தொழிலாளர் பகுதியிலிருந்து வெளியே புதிய குடியிருப்புக்குப் போன குடும்பங்களைப் பற்றி மைக்கேல் யங், பீட்டர் வில்மாட் இருவரும் 1957இல் எழுதினார்கள். பழைய இடத்தில் கல்யாணமான பெண்கள் அம்மாவை அநேகமாகத் தினமும் பார்த்தார்கள். புதிய இடத்தில் நல்ல வீடு, குளியலறை, தோட்டம் எல்லாம் கிடைத்தது. ஆனால் உறவினரைப் பார்ப்பது வெகுவாகக் குறைந்துபோனது, பகலில் வீட்டில் இருந்த பெண்களைத் தனிமை வாட்டியது. ஒரு நல்லதும் நடந்தது. கணவர்கள் வீட்டோடு அதிகம் ஒட்டினார்கள், மனைவியோடும் பிள்ளைகளோடும் கூடுதல் நேரம் இருந்தார்கள். புறநகரின் இரண்டு முகங்களும் அந்த ஒரே ஆய்வில் இருக்கின்றன. வீட்டுக்குள் இருப்பவர்கள் நெருங்குகிறார்கள், வீட்டுக்கு வெளியே இருந்த மனிதர்கள் விலகுகிறார்கள். உங்கள் மாமியாரின் உலகம் அந்த வெளியே இருப்பவர்கள்தான். அவரிடம் தனியாக உட்கார்ந்து, மகன் இல்லாத நேரத்தில், நீங்களே கேளுங்கள்.

புறநகர் என்ற கனவில் தொடக்கத்தில் வேலையும் பக்கத்திலேயே இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். எபனேசர் ஹோவர்ட் 1898இல் இங்கிலாந்தில் தோட்ட நகரம் என்ற யோசனையை முன்வைத்தபோது, ஏறத்தாழ 32,000 பேர் வாழும் ஊருக்குள்ளேயே தொழிற்சாலையும் கடையும் பள்ளியும் இருக்க வேண்டும் என்றார். 1903இல் தொடங்கிய லெட்ச்வொர்த் அப்படித்தான் திட்டமிடப்பட்டது. பின்னால் வந்தவர்கள் தோட்டத்தை எடுத்துக்கொண்டு வேலையை நகரத்திலேயே விட்டுவிட்டார்கள். உங்கள் கணவருக்கு வீட்டிலிருந்து வேலை என்பதால் பழைய கனவு அவருக்கு ஓரளவு பலிக்கும். லேபை யாரும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

சண்டைக்கு வருகிறேன். எதைப் பற்றிய சண்டை என்று கடிதத்தில் இல்லை. ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள். இடம் இல்லாததால் வருவதா? நீங்கள் களைத்து வரும்போது அவர் ஃபோன் பேசிக்கொண்டிருப்பது, மகன் கத்துவது, யாருக்கு எந்த அறை என்பது, இதெல்லாம் பெரிய வீட்டில் குறையும். வேலையை யார் செய்வது என்பதால் வருவதா? யார் சமைப்பது, யார் பள்ளிக்குப் போய்ப் பேசுவது, அத்தையை யார் டாக்டரிடம் அழைத்துப் போவது, இந்தச் சண்டைகள் உங்களோடு வண்டியேறி வரும். அங்கே வந்ததும் பெரிதாகும், ஏனென்றால் உங்கள் கையில் 100 நிமிடம் குறைவாக இருக்கும்.

என் அபிப்பிராயம் கேட்டீர்கள். இப்போது வாங்க வேண்டாம். அதே பகுதியில் ஒரு கல்வியாண்டுக்கு வாடகை வீடு கிடைக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் இப்போதைய பள்ளியிலேயே தொடர முடியுமா என்பதையும் பாருங்கள். அதற்கும் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காரில் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வராமல், ஒரு முழு வேலை வாரம் அங்கிருந்து லேபுக்குப் போய் வாருங்கள். உங்களோடு கணவரும் வரட்டும், அவருக்கு அந்த நாட்களில் வீட்டில் வேலையாக இருந்தாலும். மழை பெய்கிற நாள் ஒன்று அதில் அமைந்தால் நல்லது.

அப்புறம், அவருடைய மூன்று நாட்கள். அங்கே போனால் அந்த மூன்று நாளும் பள்ளி விட்ட நேரத்திலிருந்து நீங்கள் வீட்டுக்கு வரும்வரை பிள்ளைகளும் இரவுச் சாப்பாடும் அவர் பொறுப்பு என்பதை இப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அவர் வேலையில் மீட்டிங் இருந்தால் என்ன செய்வது என்பதுவரை பேசுங்கள். அவர் மனதார ஒப்புக்கொண்டால் வாடகைக்குப் போய்ப் பார்க்கலாம். தயங்கினால், மாதத் தவணையாகக் கட்டவிருக்கும் தொகைக்கு நகரத்துக்குள்ளேயே மூன்று படுக்கையறை வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். தோட்டம் இருக்காது. மகளுக்கு ஒரு கதவு இருக்கும், தோழி வீட்டுக்கு அவள் நடந்தே போவாள், மாமியார் பழைய சிநேகிதிகளைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வந்து போகலாம், உங்களுக்கும் வேலைக்குப் போக அரை மணி நேரம்தான் ஆகும்.

அன்புடன்.