வியட்நாம் ஹெலிகாப்டர்களின் 2.75 அங்குல ராக்கெட்: கேள்வி பதில்

கேள்வி: சார், இந்த ராக்கெட் முதலில் ஜெட் விமானத்துக்காகச் செய்யப்பட்டதாமே?

பதில்: ஆமாம். எதிரியின் குண்டுவீச்சு விமானங்களை வானத்திலேயே அடிக்க 1940களின் கடைசியில் அமெரிக்கா உருவாக்கியது. எஃப்-86டி விமானம் 24 ராக்கெட் சுமந்தது. குழலுக்குள் மடிந்திருக்கும் வால்துடுப்புகள் வெளியே வந்ததும் விரியும். ஜெட் வேகத்தில் அவற்றுக்கு உடனே காற்று பிடிக்கும், ஹெலிகாப்டர் வேகத்தில் பிடிக்காது. அதனால் ஹெலிகாப்டருக்கான மார்க் 40 ராக்கெட் மோட்டாரில், வாயு வெளியேறும் நாசில் வாய்களைச் சாய்வாக வெட்டினார்கள். பீறிடும் வாயுவே ராக்கெட்டைச் சுழற்றும். உந்துவிசையில் சிறு கோணல் இருந்தாலும், சுழற்சியால் அது ஒரே பக்கம் இழுக்காது.

கேள்வி: அப்படியும் குறி தவறியதற்கு என்ன காரணம்?

பதில்: பெரும்பாலும் ஹெலிகாப்டர் பறந்த விதம்தான். ராக்கெட் குழலை விட்டதும் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும். மூக்கு இலக்கைப் பார்த்திருந்தும் ஹெலிகாப்டர் இடப்பக்கம் சறுக்கினால், ராக்கெட்டும் இடப்பக்கம்தான் போகும். சுடுமுன், சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்து நடுவில் நிற்க வேண்டும். இலக்கை நோக்கிப் பாயும்போது கலெக்டிவை (ரோட்டரின் தூக்குவிசையை மாற்றும் நெம்புகோல்) ஏற்றி இறக்கினால் டார்க் (ஹெலிகாப்டர் உடலைத் திருப்பும் விசை) மாறும், வால் விலகும், பந்து ஓடிவிடும். எனவே பவரை முன்பே நிலைப்படுத்திவிட வேண்டும்.

பக்கக் காற்று இரண்டு வேலை செய்யும். மோட்டார் எரியும்வரை ராக்கெட் காற்றை எதிர்த்துத் திரும்பும். எரிந்து முடிந்தபின் காற்றோடு ஒதுங்கும். அந்தரத்தில் நின்று சுட்டால் ரோட்டர் கீழே தள்ளும் காற்றில் மூக்கு மேலே தூக்கும், ராக்கெட் இலக்கைத் தாண்டி விழும். சாய்வாகப் பாய்ந்து சுட்டால் இந்தக் குறை தணியும். தரையில் ராக்கெட்டுகள் விழும் நீளமான பரப்பும் சுருங்கும்.

கேள்வி: குறிபார்க்க விமானிகள் முன்கண்ணாடியில் பென்சிலால் குறி போட்டது உண்மையா?

பதில்: உண்மை. கன்ஷிப் (ஆயுத ஹெலிகாப்டர்) விமானிகள் பலர் சொல்லும் விஷயம் இது. கிரீஸ் பென்சிலால் கண்ணாடியில் சிலுவை போட்டு, முதல் ஜோடி ராக்கெட் விழும் இடத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள். இருக்கையின் உயரமோ தலையின் இடமோ மாறினால் அந்தக் குறி செல்லாது.

கேள்வி: 'நெயில்ஸ்' என்பது?

பதில்: ராக்கெட்டின் ஃபிளெஷெட் வெடிமுனை. ஒன்றில் சுமார் 2,200 எஃகு அம்புகள். அவை வெளியேறும் இடத்தில் சிவப்புச் சாயம் புகைபோல் தெறிக்கும். விமானிக்கு அதுதான் அடையாளம். வெட்டவெளியில் நிற்கும் ஆள்மேல் இதைவிடக் கொடியது குறைவு. அருகில் நம் ஆட்கள் இருந்தால் சுடவே கூடாது. வெடிக்கும் வகைகளை வெடிமுனையின் எடையை வைத்து '10 பவுண்டர்', '17 பவுண்டர்' என்றார்கள்.

கேள்வி: கோப்ரா ஹெலிகாப்டர் அதிகபட்சம் எத்தனை ராக்கெட் ஏற்றும்?

பதில்: 19 குழல் கொண்ட பாட் (ராக்கெட் கூடு) நான்கு, ஆக 76. எரிபொருளும் வெப்பமும் பல நாள் அதற்கு இடம் தராது.

கேள்வி: விசையை அழுத்தியும் ராக்கெட் கிளம்பாவிட்டால்?

பதில்: குழலில் உள்ள மின்தொடுப்பில் அழுக்கோ துருவோ இருக்கலாம். ஆபத்தானது தாமதமாகப் பற்றும் ராக்கெட். அதனால் மூக்கை ஆளில்லாத திசையில் வைத்திருப்பார்கள். தரையிறங்கியதும் யாரும் பாடின் முன்னாலோ பின்னாலோ போகக் கூடாது.

கேள்வி: இப்போதைய ஹைட்ரா 70 இதேதானா?

பதில்: அதே 70 மி.மீ. குடும்பம். மார்க் 66 மோட்டார் வந்தது, துடுப்புகள் உடலைச் சுற்றி வளைந்து மடியும். லேசர் வழிகாட்டிப் பகுதி பொருத்திய வகையும் உண்டு. அது பறக்கும்போதே பாதையைத் திருத்திக்கொள்ளும்.