ஜீனோம் பிரவுசர்: புது டிராக், புது அசெம்பிளி, பழைய குழப்பங்கள்

இந்த முறை வந்தவை எல்லாம் உயிரினங்களின் டிஎன்ஏ வரிசையை இணையத்தில் காட்டும் யுசிஎஸ்சி ஜீனோம் பிரவுசர் பற்றிய கேள்விகள்தான்.

புது டிராக் வந்துவிட்டது என்கிறார்கள், என் திரையில் மட்டும் காணோமே?

முதலில் எந்த அசெம்பிளியை, அதாவது முழு டிஎன்ஏ வரிசையின் எந்தப் பதிப்பை, திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். டிராக்குகள் (வரிசையோடு சேர்த்துக் காட்டும் தகவல் அடுக்குகள்) ஒவ்வொரு அசெம்பிளிக்கும் தனித்தனியாகத்தான் ஏற்றப்படும், அதனால் மனித அசெம்பிளியான எச்ஜி38-இல் வந்தது அதற்கு முந்தைய, 2009-இன் எச்ஜி19-இலும் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அசெம்பிளி சரியாக இருந்தும் காணவில்லையா? அப்படியானால் அது 'ஹைட்' (மறைத்த) நிலையில் கிடக்கும், கீழே போய் 'பேக்' (நெருக்கி அடுக்கிய) என்று மாற்றுங்கள். 'ஃபுல்' வேண்டாம். நோய் தொடர்பான மரபணு மாற்றங்களைத் தொகுக்கும் கிளின்வார் மாதிரி நெரிசலான டிராக்கை அப்படித் திறந்தால் உருட்டி உருட்டிக் கை ஓய்ந்துவிடும்.

ஆர்எஸ்334 என்ற மரபணு மாற்றத்தின் இடம் ஒரு கட்டுரையில் 5248232, பிரவுசரில் 5227002. எது சரி?

இரண்டுமே சரி! அரிவாள் செல் சோகைக்குக் காரணமான அந்த மாற்றம் 11-ஆம் குரோமோசோமில், எச்பிபி மரபணுவில் இருக்கிறது. முதல் எண் எச்ஜி19-இல் அதன் இடம், இரண்டாவது எச்ஜி38-இல். மரபணு எங்கும் நகரவில்லை, முன்னால் உள்ள வரிசையைத் திருத்தியதில் எண்ணிக்கை மாறிவிட்டது, அவ்வளவுதான். அசெம்பிளி பெயரைச் சொல்லாமல் வெறும் எண்ணை எழுதும் கட்டுரையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒரு அசெம்பிளியின் எண்ணை இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள லிஃப்ட்ஓவர் என்ற கருவி இருக்கிறது, ஆனால் மாறாமல் விடுபட்ட வரிகளைத் தனியாகக் காட்டும், அதைப் படிக்காமல் மூடிவிடாதீர்கள்.

அப்புறம், இதே இடத்தை பெட் ஃபைலில் (டிஎன்ஏ இடங்களைப் பட்டியலிடும் ஃபைல்) எழுதினால் தொடக்கம் 5227001, முடிவு 5227002 என்று வரும். பெட் பூஜ்யத்திலிருந்து எண்ணும், திரையில் தெரிவது ஒன்றிலிருந்து. ஒரு எண் தள்ளிப்போனதை நானே அரை நாள் தேடியிருக்கிறேன்.

பாடத்தில் இதே மாற்றத்தில் ஏ என்ற டிஎன்ஏ எழுத்து டி-ஆக மாறுகிறது என்று படித்தேன். பிரவுசரில் தலைகீழாக டி, ஏ-ஆகிறதே?

எச்பிபி எதிர் இழையில் இருக்கிறது, பிரவுசர் காட்டுவது நேர் இழையை, ஒன்றில் ஏ இருக்கும் இடத்தில் மற்றதில் டி இருக்கும். பாடத்தில் ஜிஏஜி என்ற மூன்றெழுத்து ஜிடிஜி ஆவதும் இதுவும் ஒன்றுதான்.

குரோமோசோம்களை முனை முதல் முனை வரை படித்த டி2டி அசெம்பிளி வந்தாயிற்றே, எச்ஜி38-ஐ விட்டுவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். 2022-இல் வெளியான டி2டி-யின் சிஎச்எம்13 வரிசை ஏறக்குறைய 20 கோடி எழுத்துகளைப் புதிதாகக் கொண்டுவந்தது, சென்ட்ரோமியர்கள் (குரோமோசோமின் இடுக்கான பகுதிகள்), 13, 14, 15, 21, 22 குரோமோசோம்களின் குட்டைக் கரங்கள் என்று முன்பு ஓட்டையாக இருந்த இடங்கள் அதில் நிரம்பிவிட்டன. உங்கள் வேலை அங்கேதான் என்றால் உடனே போய்விடுங்கள், பிரவுசரில் அதன் பெயர் எச்எஸ்1. நோய் தொடர்பான மாற்றங்களைத்தான் பார்க்கிறீர்கள் என்றால், துணைத் தரவு இன்னும் எச்ஜி38-இல்தான் குவிந்து கிடக்கிறது. இன்னொன்று, அந்த வரிசை எடுக்கப்பட்ட சிஎச்எம்13 செல்களில் ஒய் குரோமோசோமே கிடையாது, எச்எஸ்1-இல் நீங்கள் பார்க்கும் ஒய், எச்ஜி002 என்ற வேறொரு மாதிரியிலிருந்து சேர்த்தது.

நான் ஆராயும் விலங்கு பட்டியலிலேயே இல்லையே?

பல உயிரினங்களின் அசெம்பிளிகள் உள்ள ஜென்ஆர்க் தொகுப்பில் தேடுங்கள், ஜிசிஏ அல்லது ஜிசிஎஃப் என்று தொடங்கும் அசெம்பிளி எண் கையில் இருந்தால் இன்னும் சுலபம். மனித அசெம்பிளி அளவுக்கு டிராக்குகளை அங்கே எதிர்பார்க்காதீர்கள். சில இனங்களில் கணினி கணித்த மரபணுக்களைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

வரிசையில் பாதி எழுத்துகள் ஆங்கிலச் சிறிய எழுத்தாக வருகின்றன, ஃபைல் கெட்டுவிட்டதா?

இல்லை, அவை திரும்பத் திரும்ப வரும் பகுதிகள், அடையாளத்துக்காக அப்படிக் காட்டுகிறார்கள்.